காலுக்கு ஒரு கல்

அப்புத்தளை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கூடைக் கயிறு அழுத்திய தழும்பு நெற்றியில் தெரிந்தது. வாங்கு காலியாகக் கிடந்தும் உட்காராமல், ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து அதன்மேல் ஒரு காலை வைத்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றிக்கொண்டார்.

"ஒக்காருங்களேம்மா," என்றேன்.

"ஒக்காந்தா எந்திரிக்க முடியல நானா. மலைச்சரிவுல ஒரு கால் மேல, ஒரு கால் கீழன்னு நின்னே பழகிருச்சு. சமதரையில நின்னா இடுப்பு கடுக்குது." என் தொப்பியைப் பார்த்துத்தான் 'நானா' என்றார்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

பதுளையில் என் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் எனக்கும் அதே கடுப்புதான்.

அவர் பிறந்தது இங்கே. இப்போது இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி ராமநாதபுரம் பக்கம், பார்த்தேயிராத பாட்டன் ஊருக்கு, ஒரேயடியாகப் போகிறாராம்.

"அங்க மலை இருக்குமா நானா?"

சரக்கெடுக்க அந்தப் பக்கம் போய்வருபவன் நான். "கண்ணுக்கெட்டின மட்டும் சமதரைதான்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

ரயில் வந்ததும் அந்தக் கல்லை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு ஏறினார்.

இன்று என் கடை மேசைக்கு அடியிலும் ஒரு கல் கிடக்கிறது. கால் வைத்ததும் இடுப்பு இளகுகிறது. அந்தப் பொட்டலில் அவருக்கு ஒரு கல்லாவது கிடைத்திருக்குமா?