சிட்லபாக்கத்துக் காற்று, ஒரு பெட்டிக்குள்

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்த ஊரில், மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. வீட்டுக்குக் காற்று விட்டாச்சா என்று கேட்கிறார்கள். கீழ்வீட்டுப் பெண்மணி ஃப்ராவ் கெல்லர், வெளியே பனி கொட்டும்போதும், காலையில் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பார். இதற்கு லூஃப்டன் என்று பெயர். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஹீட்டருக்கும் காசு கட்டி, அந்தச் சூட்டை வெளியேயும் அனுப்புகிறார்களே என்று வந்த புதிதில் நானும் கணவரும் சிரித்திருக்கிறோம். இப்போது ஃப்ராவ் கெல்லர் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சென்னை சிட்லபாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் மகள் நித்யா ஒரு தோழியோடு தங்கி வேலைக்குப் போகிறாள். சில மாதங்களுக்கு முன், மழை நாள் ஒன்றில், கேஸ் கீசரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவள் பாத்ரூமிலேயே மயங்கி விழுந்தாள். தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதே என்று தோழி கதவைத் தட்டியிருக்கிறாள். பதில் இல்லை. சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட்டிலிருந்து ஓடிவந்த அசோசியேஷன் செக்ரெட்டரி, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தார். கீசர் எரிந்து அறையில் நிறைந்த நச்சு வாயுவைத்தான் அவள் சுவாசித்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அந்த முடியாத வாக்கியத்தோடுதான் நான் விமானம் ஏறினேன். அதே வாக்கியத்தோடு திரும்பியும் வந்தேன்.

கீசரை அந்த வாரமே கழற்றிப் போட்டோம். ஆனாலும் ஒன்று என்னை விடவில்லை. அன்று பாத்ரூம் வென்டிலேட்டர் திறந்துதான் இருந்தது. பிறகு ஏன் அந்தக் காற்று வெளியே போகவில்லை? நித்யா வேறு வீடு பார்க்கவும் மாட்டேன், இங்கே வரவும் மாட்டேன் என்றாள். அந்த வீட்டில் அவள் தினமும் தூங்கி எழுகிறாள். காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

என் வேலை காற்றுச் சுரங்கத்தில். பெயர் பெரிது, பார்த்தால் ஒரு நீளமான அறை, ஒரு கோடியில் ஆள் உயர விசிறி. கட்டடங்களின் சிறு மாதிரிகளைச் சுழலும் மேடையில் வைத்து, காற்றை விட்டு, புகையைச் செலுத்தி, அது எந்த ஜன்னல் வழியாக நுழைந்து எதன் வழியாக வெளியேறுகிறது என்று பார்ப்போம். சனிக்கிழமைகளில் சுரங்கத்தைப் பயன்படுத்த அனுமதி வாங்கினேன். யாருடைய கட்டடம் என்று உடன் வேலை பார்க்கும் மார்க்குஸ் கேட்டான். என் மகளுடையது என்றேன். அவள் வீடு கட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டு கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னான். திருத்த எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட்டு அக்ரிலிக் தகட்டை அறுக்கத் தொடங்கினேன்.

பில்டர் கொடுத்த பழைய வரைபடத்தை வைத்துத்தான் மாதிரியைச் செய்தேன். பக்கத்து மனையில் புதிதாக எழுந்த அடுக்குமாடியையும் அட்டையில் வெட்டி ஒட்டினேன். எல்லா பாத்ரூம் வென்டிலேட்டர்களும் திறக்கும் அந்தக் குறுகிய இடைவெளியை நம் ஊரில் ஓ.டி.எஸ். என்பார்கள்; தரையிலிருந்து மொட்டைமாடி வரை வானம் பார்த்து நிற்பது. மேடையைத் திருப்பி, சாயங்காலம் கடற்கரைப் பக்கமிருந்து வரும் தென்கிழக்குக் காற்றை விட்டேன். நித்யாவின் பாத்ரூமில் வைத்த புகை ஓ.டி.எஸ்ஸுக்குள் போய், யாரோ உறிஞ்சியதுபோல மேலே கிளம்பிப் போனது. குறையே இல்லாத வீடு. எனக்கு அழுகை வந்தது. வீடியோவை அவளுக்கு அனுப்பினேன்.

“அம்மா, இது யார் வீடு?” என்று போன் செய்தாள்.

“ஏன்டி?”

“ஓ.டி.எஸ். மேல மூடியே காணோமே. மழைத்தண்ணி வருது, புறா எச்சம் போடுதுன்னு செக்ரெட்டரி அங்கிள் ஷீட் அடிச்சு எத்தனையோ வருஷமாச்சு. இந்தத் தெருவுல எல்லா ஃபிளாட்லயும் அப்படித்தான். ஊரை விட்டுப் போனா இதெல்லாம்கூட மறந்துடுமா?”

மறக்கவில்லை. நாங்கள் அங்கே இருந்த காலத்தில் அது திறந்து கிடந்தது. வரைபடத்தில் இருந்த வானத்தை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மூடியை ஒட்டினேன். அதே காற்று, அதே புகை. மேலே போக வழியில்லாமல் புகை ஓ.டி.எஸ்ஸுக்குள்ளேயே சுற்றியது, கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலில் நுழைந்து அவர்கள் பாத்ரூம் வழியாக வந்த காற்று அதைத் தள்ள, நித்யாவின் வென்டிலேட்டர் வழியாகவே திரும்பி உள்ளே வந்தது. மிச்சம் மேல்வீட்டு பாத்ரூமுக்குள் போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை மார்க்குஸ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

இதை யாரிடம் சொல்வது? என் மகளைத் தூக்கி வெளியே கொண்டுவந்த மனிதரிடம்தான். இரண்டு நாள் தயங்கிவிட்டு வீடியோ காலில் கூப்பிட்டேன்.

“ஷீட்டை எடுக்கறதா? வேணாம் மேடம். மழை வந்தா தண்ணி மோட்டார் ரூம் வரைக்கும் போயிடும். அப்புறம் எல்லாரும் எங்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க. ஜெர்மனிலேர்ந்து நீங்க வந்து மாப் போடுவீங்களா?”

“எடுக்க வேணாம் சார். தூக்கி வைங்க. அதுக்கு முன்னாடி நான் அனுப்பினதைப் பாருங்க.”

பார்த்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

“அப்போ நாந்தான் மேடம் மூடினேனா?”

“கதவை உடைச்சதும் நீங்கதான் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேல்வீட்ல கைக்குழந்தை இருக்கு. அவங்களும் கேஸ் கீசர்தான்,” என்றார். “எவ்ளோ ஒயரம் தூக்கணும்னு மட்டும் சொல்லுங்க. வெல்டரை நான் கூட்டினு வரேன். எவன் கேக்கறான்னு பார்க்கலாம்.”

எந்த உயரத்தில் மழையும் நுழையாது, புகையும் தங்காது என்று சுரங்கத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். இரும்புக் கால்களில் ஷீட் ஏறியது. நாலு பக்கமும் புறாவுக்கு வலை. மேல்வீட்டுக்காரர்களிடம் அவரே பேசி கீசரைக் கழற்ற வைத்தார். போன ஞாயிறு அங்கே சாயங்காலம், எனக்கு மதியம். நித்யா ஊதுவத்தியைக் கொளுத்தி வென்டிலேட்டர் அருகே பிடித்துப் போனில் காட்டினாள். புகை ஒரு கணம் நின்றது. பிறகு வெளிப்பக்கம் சாய்ந்து மேலே போனது.

“போதுமாம்மா? கை வலிக்குது.”

“இன்னும் கொஞ்சம் பிடி.”

என் கதவைத் தட்டினார் ஃப்ராவ் கெல்லர். இன்று காற்று விட்டாயா என்றார். விட்டாச்சு, இப்போதுதான் என்றேன். மூடியிருந்த என் ஜன்னல்களைப் பார்த்துப் புரியாமல் போனார். உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது. சிட்லபாக்கத்தில் இந்த நேரம் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே, இத்தனை வருடம் நான் குடியிருக்கும் வீட்டில், முகத்தில் அடிக்கும் இந்தக் காற்று வடக்கா மேற்கா என்று எனக்குத் தெரியாது.