யாரும் நீட்டாத தொப்பி

பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் அக்கா லீலா மட்டும் பையைக் கொடுக்கமாட்டாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். போலியோவில் சூம்பிப்போன அவளுடைய வலதுகாலைப் பார்த்துவிட்டு யாராவது கை நீட்டினால், பையை இன்னும் ஏற்றித் தோளில் மாட்டிக்கொள்வாள். ஊனமுற்றோர் இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திமிர் பிடித்தவள் என்று மணிமங்கலத்தில் பேர். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் பட்டது.

எங்கள் அப்பா நரசிம்மன் கிண்டி ரேஸ் கோர்ஸில் குதிரை பார்க்கிறவர். தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, ரேஸ் நாளில் கூடவே நடத்திப் போவது. அதனால் ‘ஹேண்டிகேப்’ என்கிற சொல் எங்கள் வீட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை, லாயத்திலிருந்து வந்தது. நன்றாக ஓடுகிற குதிரையின் சேணத்தில் ஈயத்தகடு சொருகி எடை கூட்டுவார்கள். இல்லாவிட்டால் மற்ற குதிரைகளுக்குப் பந்தயமே கிடையாது. அந்த எடைக்குப் பெயர்தான் ஹேண்டிகேப். தன் குதிரைக்கு எடை ஏறிய நாளில் அப்பா மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வருவார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாஷர் வெட்டும் ஒரு கம்பெனியில் அக்கா தற்காலிக ஆளாகச் சேர்ந்தபோது, அங்கே அவளை ‘ஹேண்டிகேப் கேஸ்’ என்றார்கள். அதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு.

“பாத்தியா, ஓடறதுக்கு முன்னாடியே எம்பொண்ணுக்கு எட கட்டிட்டானுங்க!”

அக்கா சிரிக்கவில்லை.

1991-இல் பர்மனென்ட் ஆக்குவதற்கான டெஸ்ட் வந்தது. ஒரு ஷிப்ட் முழுக்க, காலால் மிதித்துத் தகடு வெட்டும் பெடல் பிரஸ்ஸில் உட்கார்ந்து, சொன்ன கணக்குக்கு வாஷர் வெட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் ஆபரேட்டர். சூப்பர்வைசர் இராமச்சந்திரன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உனக்குப் பாதிக் கணக்கு போதும்மா. ஹேண்டிகேப் கோட்டாவுல ஹெல்பரா பர்மனென்ட் பண்ணிடலாம்.”

“ஆபரேட்டர் எப்ப சார்?”

“அது கெடையாது. கடைசி வரைக்கும் ஹெல்பர்தான். வேல நிச்சயம்ல?”

ஒத்துக்கொள்ளச் சொன்னேன் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு ‘நிச்சயம்’ என்ற சொல் இனித்தது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, நூலகத்தில் படித்ததையும் சொன்னேன். ஹேண்டிகேப் என்பது முதலில் உடம்பைப் பற்றிய சொல்லே இல்லை. இங்கிலாந்தில் பழைய பண்டமாற்று விளையாட்டு ஒன்று. இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று நடுவர் ஒருவர் சொல்வார். இரண்டு பேரும் ஒரு தொப்பிக்குள் கையை விட்டு வெளியே எடுப்பார்கள். கை விரிந்து வருகிறதா மூடி வருகிறதா என்பதிலேயே சம்மதமா இல்லையா என்பது தெரியும். ‘ஹேண்ட் இன் கேப்’, தொப்பிக்குள் கை, அதுதான் பெயர். பிறகு அது குதிரைப் பந்தயத்துக்குப் போனது. மனுஷர்கள் மேல் ஒட்டியது ரொம்பப் பின்னால்.

அக்கா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள்.

“அப்ப ரெண்டு பேரும் ஒத்துக்கினாத்தான் ஆட்டமா?”

“ஆமாங்க்கா.”

“என்னாண்ட எவன்டி தொப்பிய நீட்னான்? அவனே நடுவரு, அவனே ஆட்டக்காரனா?”

மறுநாள் காலை இராமச்சந்திரனிடம் போய், முழுக்கணக்குக்கே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாள். தோற்றால் கோட்டாவில் தருவதாகச் சொன்ன ஹெல்பர் வேலையும் போகும் என்றார் அவர். “போவட்டும் சார்” என்றாள்.

டெஸ்டுக்கு உட்காருகிறவருக்கு, வெட்டிய வாஷர் விழும் ட்ரேயை இழுத்துக் கொடுக்க ஒருத்தர் வேண்டும். சூப்பர்வைசரைப் பகைத்துக்கொள்ள யாரும் வரவில்லை. கூட வேலை செய்த பென்னலூர் மெர்சி மட்டும் வந்தாள். அவளும் அன்றைக்கே டெஸ்டுக்குப் பேர் கொடுத்திருந்தவள்தான்.

“நான் இழுக்கறேங்க்கா. என் டெஸ்ட்டு அடுத்த வாட்டி பாத்துக்கலாம்.”

“பைத்தியமாடி நீ?”

“நீ மட்டும் இன்னா, தெளிஞ்சவளா?”

“அடுத்த வாட்டி உனக்கு நான்தான் இழுப்பேன். இது கடன்.”

பெடல் வலதுகாலுக்கு அமைந்தது. அக்கா ஸ்டூலை வலப்பக்கம் நகர்த்திப் போட்டு, இடதுகாலைப் பெடலுக்கு நேராகக் கொண்டுவந்தாள். உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்துத்தான் தகடு தள்ள முடியும்.

“ஸ்டூல அங்க போடக் கூடாது” என்றார் இராமச்சந்திரன்.

“மெஷின்ல கை வெக்கல சார். ஸ்டூலு எங்க இருந்தா மெஷினுக்கு இன்னா?”

டீ வந்தது, ஆறியது. சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தாள். மெர்சி நிரம்பிய ட்ரேயை இழுத்த கையோடு காலி ட்ரேயைத் தள்ளினாள். சங்கு ஊதும்போது கணக்குக்கு மேலேயே இருந்தது. இராமச்சந்திரன் மறுபடி எண்ணச் சொன்னார்.

“நல்லா எண்ணுங்க சார். மிச்சம் ஒண்ணு ரெண்டு உங்களுக்கும் கெடைக்கும்” என்றாள் அக்கா, நிமிர முடியாத இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ஆபரேட்டர் ஆனாள். ஆடி முடிந்ததும் மெர்சிக்கு டெஸ்ட் வந்தது. ட்ரே இழுக்கப் போய் நின்ற அக்காவை இராமச்சந்திரன் மறித்தார்.

“ஆபரேட்டர் ட்ரேயத் தொடக் கூடாது. அது ஹெல்பர் வேல. நீதானம்மா ஹெல்பர் வேணாம்னே?”

லீவு போட்டுவிட்டு வந்து இழுக்கிறேன் என்றாள். லீவில் இருப்பவர் உள்ளே வரக் கூடாது என்றார்கள். அன்றைக்கு ஷிப்ட் முடியும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே மெர்சிக்கு ட்ரே இழுக்க, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான ஒரு பெண்ணைக் கொடுத்திருந்தார்கள். கணக்குக் குறைந்தது.

மெர்சி இன்னும் தற்காலிக ஹெல்பர்தான். கம்பெனி வாசலில் பார்க்கும்போதெல்லாம், “இன்னாக்கா, என் கடன் இன்னாச்சு?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அடுத்த டெஸ்ட் எப்போது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு ஷிப்டை அக்கா இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.