நடுமத்தியானத்தில் இறங்கிய கூடை

மத்தியதரைக் கடலின் மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் தன் தோளில்தான் நிற்கிறது என்று பந்தலேயோ மேடைக்கு மேடை சொல்வார். அவர் ரொட்டிக்கடைக்காரர் மகன். பாரம்பரியத்துக்காக அவர் செய்தது, கடற்கரைத் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒளித்துவிட்டுக் கிழிந்த மீன்வலைகளைத் தொங்கவிட்டது. ஆனால் இனிச் சொல்லப்போவது அவர் அளந்த கதை அல்ல. நிஜமாக நடந்தது. தெற்கு இத்தாலியில் தோர்ரெமாரா பக்கம் போனால் யாரையும் கேட்டுப் பாருங்கள். சிரித்து முடித்த பிறகு சொல்வார்கள்.

சென்ற ஜூலை. சிறந்த பாரம்பரியக் கடலோர ஊர் என்ற பட்டத்துக்காக நான்கு மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். பட்டம் கிடைத்தால் அடுத்த மேயர் பந்தலேயோதான். கிடைக்காவிட்டால் மறுபடி ரொட்டிக்கடை. அதனால் மதியமே புறப்பட்டுவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, வைக்கோல் தொப்பி, கையில் நடுவர்களுக்கான ரொட்டித் தட்டு.

அந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணிவரை ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. பக்கத்து வீட்டு தொனாத்தா மட்டும் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"எங்கடா கெளம்பிட்ட, இந்த நேரத்துல?"

"வேலை இருக்குக்கா."

"செத்தவங்க சுத்துற நேரம்டா."

"சுத்தட்டும். அவங்க பேரும் வாக்காளர் பட்டியல்ல இருக்கு. அப்படியே ஓட்டு கேட்டுடறேன்."

"உனக்கு அவங்கதான் போடணும்," என்று சாத்திக்கொண்டாள்.

தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வெள்ளைச் சுவர்களில் வெயில் கண்ணைக் குத்தியது. பத்தடியில் கடல். அலைச் சத்தம் இல்லை... பந்தலேயோ அதைக் கவனிக்கவில்லை. தன் வரவேற்புரையை ஒத்திகை பார்த்து, தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

க்ரீச்... க்ரீச்...

தலைக்கு மேல் கப்பி சுழன்றது. கயிற்றில் ஒரு பிரம்புக் கூடை இறங்கி, அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. மாடியில் இருப்பவர்கள் இப்படித்தான் கூடையை இறக்கி ரொட்டி வாங்குவார்கள். பையனாக இருந்தபோது பந்தலேயோ எத்தனையோ கூடைகளை நிரப்பியவர். கைப்பழக்கம். அண்ணாந்துகூடப் பார்க்காமல் ஒரு ரொட்டியைப் போட்டு, கயிற்றை இரண்டு முறை சுண்டினார்.

நடுமத்தியானத்தில் இறங்கும் கூடையில் அந்த ஊரில் யாரும் எதையும் போடுவதில்லை. போட்டால், கேட்பதையெல்லாம் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

கூடை ஏறியது. இறங்கியது.

காலி.

"யாரு மேல?"

அண்ணாந்தார். வெயிலில் கயிறு மட்டும் தெரிந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது... மழை பார்த்து இரண்டு மாதமான ஊரில்.

இன்னொரு ரொட்டி. ஏறியது. இறங்கியது. காலி.

விலகி நடந்தார். கூடையும் கூடவே வந்தது.

தட்டு தீர்ந்தது. தொப்பியைப் போட்டார். போயிற்று. கோட்டு. போயிற்று. மேலே ஏதோ மெல்லும் சத்தம்... நிதானமாக... பல்லில்லாத வாய் மெல்லுவது போல.

"அம்மா, நான் மேயர் வேட்பாளர்," என்றார்.

மெல்லுவது நின்றது.

கூடை முன்பைவிட வேகமாக இறங்கியது.

சட்டை.

காலணி.

கால்சட்டை...

தேவாலய மணி நான்கு அடித்தது. அலைச் சத்தம் திரும்பி வந்தது. கூடை இல்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெருமுனையில் நடுவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

தொனாத்தா போர்வையோடு வந்தாள்.

"எந்த வீட்டுக் கூடைடா?"

பந்தலேயோ கை காட்டினார். ஒற்றைத் தளச் சுவர். அதற்கு மேல் வெறும் வானம்.

"அங்க மாடி ஏதுடா? பசிலியா கெழவி இருந்த மாடி அது. இடிஞ்சு விழுந்து பதினஞ்சு வருஷமாச்சு." அவள் குரல் இறங்கியது. "படுக்கையில கெடந்தப்ப அவ கூடை மூணு நாள் காலியாத் தொங்குச்சு. திருவிழா நேரம். எல்லாரும் அதுக்குக் கீழதான் ஊர்வலம் போனோம். அப்புறம் மேல ஏறிப் பாத்தா... கயித்தைப் பிடிச்சபடியே செத்திருந்தா."

உடைகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

பட்டம் பக்கத்து ஊருக்குப் போனது. மரபு உடைக்கு நடுவர்கள் தோர்ரெமாராவுக்குத் தந்தது, பத்துக்கு ஒரு மதிப்பெண்.