ராகு காலத்தில் சொருகிய வயர்

தென்காசி ரதவீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, செங்குத்தான பதினேழு படி ஏறினால் குத்தாலிங்கத்தின் அறை. கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துக் கொடுப்பது தொழில். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது. ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவர். அவர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைய ஆளில்லை.

வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் அவர்தான். பெயர்ப்பலகையிலும் 'பி.எஸ்ஸி. கணிதம்' என்று போட்டிருந்தார். ஒரு காலத்தில் சீசனுக்குக் குற்றாலம் பஜாரில் மேசை போட்டால், குளித்த ஈரத்தலையோடு வரிசையில் நிற்பார்கள். இப்போது எல்லோருக்கும் போனே ஜாதகம் சொல்கிறது. ஆனாலும் வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் வேண்டும் என்கிற குடும்பங்கள் சில உண்டு. அந்தக் கணக்குப் போடும் மென்பொருள் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அதற்காக மாதத்தில் நாலைந்து பேர் படியேறி வந்தார்கள். வேறு எதற்கும் யாரும் வந்ததில்லை.

போன வாரம் பழைய பிரிண்டர் அடியோடு நின்றுபோனது. புதிதாக யு.எஸ்.பி. பிரிண்டர் ஒன்று வாங்கினார். செவ்வாய்க்கிழமை காலையில் காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, பிரிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஏழு ஐம்பதுக்கு வயரைச் சொருகினார். கம்ப்யூட்டர் ஏதோ வந்திருக்கிறது என்றது. யாரென்று தெரியவில்லை என்றது. கூட வந்த சி.டி.யைப் போட்டால், இவ்வளவு பழைய மெஷினுக்கு ஆகாது என்று அதுவும் கைவிரித்தது. திரையில் மஞ்சளாக ஒரு கேள்விக்குறி மட்டும் நின்றது.

பதினொரு மணிக்கு இலத்தூர் முப்பிடாதியம்மாள் வந்தாள். மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

"அண்ணாச்சி, மவன் ஜாதகம் ஆயிட்டா? பொண்ணு வீட்டுக்காரங்க சாயந்திரம் வாராங்க."

"கணிச்சாச்சும்மா. பிரிண்டுதான் வரமாட்டேங்கு. கையால எழுதித் தரட்டுமா?"

"நல்லாருக்கே! கையால எழுதுததுக்கு எதுக்கு அண்ணாச்சி கம்ப்யூட்டரு? மூணு மணிக்கு வருதேன். ஆகலன்னா சொல்லிருங்க. மவன் போன்லயே எடுத்து அனுப்புதேங்கான், அதைக் காட்டிச் சமாளிச்சுக்கிடுதேன்."

அவள் இறங்கிப் போன பிறகும் குத்தாலிங்கம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை போனில் காரியம் முடிந்துவிட்டால் இலத்தூர்க்காரர்கள் யாரும் இனி இங்கே ஏற மாட்டார்கள். அப்புறம் இந்த அறையில் பேச்சுச் சத்தம் ஏது?

எதிர் அறையில் மாஜிதா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். டிப்ளமோ படித்த பிள்ளை. நாலு வருஷமாக அவளிடம் "தண்ணி வந்துட்டா?" என்பதற்கு மேல் பேசியதில்லை. ஒரு பி.எஸ்ஸி. போய் அங்கே நிற்பதா? மத்தியானம் சாப்பிடாமல் மறுபடி மறுபடி சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். இரண்டரைக்கு அவள் கதவைத் தட்டினார்.

மாஜிதா வந்து குனிந்து பார்த்தாள். "வயரை முதல்லயே சொருகிட்டீங்களா?"

"நல்ல நேரத்துலதாம்மா சொருகுனேன்."

"உங்களுக்கு நல்ல நேரம், கம்ப்யூட்டருக்கு எமகண்டம்! அது கேக்கும்போதுதான் சொருகணும் அண்ணாச்சி. பெட்டிக்குள்ள சிவப்புத் தாள்ல பெருசா எழுதியிருக்கே, படிக்கலியா?"

அவள் வயரைப் பிடுங்கி, அரைகுறையாகப் பதிந்திருந்ததை அழித்தாள். தன் கடைக்குப் போய், இதே கம்பெனியின் பழைய மாடலுக்கான மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்து வந்து போட்டாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. அதற்குள் முப்பிடாதியம்மாளும் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, வயரை இப்போது சொருகு என்று திரை கேட்டது.

"ஏ அண்ணாச்சி, ராகு காலம்லா ஆரம்பிச்சிட்டு!" என்றாள் முப்பிடாதியம்மாள்.

குத்தாலிங்கம் வயரைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். காத்திருந்தால் நாலரை ஆகிவிடும். அவள் போய்விடுவாள்.

"ஜாதகம் கணிச்சது காலையிலம்மா. இப்ப தாளுதான் வெளிய வருது" என்று சொல்லிச் சொருகினார்.

பிரிண்டர் ஒரு உறுமு உறுமிவிட்டுத் தாளைத் தள்ளியது. கட்டங்கள் கோணாமல், எழுத்து உடையாமல், சுத்தமாக வந்தது.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்திரணும் அண்ணாச்சி" என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டு முப்பிடாதியம்மாள் இறங்கினாள். பத்திரிகை வைக்க அவர் வீடு எங்கே என்று கேட்கவில்லை.

"டீ வாங்கியாரட்டுமாம்மா?" என்றார் மாஜிதாவிடம்.

"கடையில ஆளு நிக்காங்க அண்ணாச்சி. என் நம்பரை எழுதிக்கிடுங்க. மறுபடி நின்னுச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க, வந்திருதேன்."

காலண்டர் ஓரத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தார். அந்த வாரமும் சரி, அடுத்த வாரமும் சரி, பிரிண்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை.