மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு ஒரு கொப்பி

காலை ஐந்தே முக்கால். மடுல்கெல்ல கடைவீதியில் கண்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தூரம் ஏறத்தாழ பதினெட்டு மைல், டிக்கெட் பதினொரு ரூபாய், வளைவுகளையும் நிறுத்தங்களையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். வழியில் சோதனைச் சாவடி இருந்தால் எவ்வளவு நேரம் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். யுத்தம் என்னவோ வடக்கில்தான். ஆனால் மலையில் நாங்களும் ஐடி கார்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மூச்சு விட்டோம்.

பக்கத்தில் மரியதாஸ். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பத்து மணிக்குக் கண்டி ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் எங்களுக்கு எழுத்துப் பரீட்சை. வரவேற்பு மேசைக்கு ஆங்கிலம் தெரிந்த ஒரே ஒரு ஆள் வேண்டுமாம். அந்த வேலை கிடைத்தால், முழங்கால் வீங்கிய என் அம்மா கொழுந்துக் கூடையோடு மலை ஏற வேண்டியதில்லை. வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

கண்டி மஹய்யாவவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லித்தந்த ஆங்கில வினைச்சொற்கள் ஒரு நோட்டுக் கொப்பி நிறைய என்னிடம் இருந்தன. இந்த வினைகளைப் போல மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பது வேறில்லை. ‘லுக்’ தெரியும், ‘ஆஃப்டர்’ தெரியும். சேர்த்துச் சொன்னால் பார்ப்பதும் இல்லை, பிறகும் இல்லை, ‘பராமரி’ என்கிறார்கள். ‘புட் ஓஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘ரன் அவுட்’ என்றால் ஓடுவதே கிடையாது, தீர்ந்துபோவதாம். சரி, வெள்ளைக்காரன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று மனப்பாடம் செய்தேன்.

இங்கே என் மேதாவித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது டவுனுக்குப் போகும் பையில் தமிழ் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சோற்றுப் பார்சலைக்கூட சிங்களப் பேப்பரில்தான் சுற்றுவோம். நான் ஆறாம் வகுப்பு வரை சிங்களப் பள்ளியில் படித்தவன். ஆகவே ஆங்கிலத்தை ஆங்கிலத்திலும், அதற்கான தமிழ் அர்த்தத்தைச் சிங்கள எழுத்திலும் எழுதிவைத்தேன். எந்தச் சிப்பாய் பார்த்தாலும் சிங்களக் கொப்பி என்று விட்டுவிடுவான் அல்லவா!

ஆறரை, பன்விலை. மரியதாஸ் கொப்பியை வாங்கிப் புரட்டினான்.

“டேய், ‘கிவ் அப்’னா என்னாடா? மேல குடுக்குறதா?”

“கைவிடுறதுடா. இத்தன நாளா என்னா படிச்ச?”

“நீ படிச்சா போதாதா? ஒரு வேல, ஒரு ஆளு. நான் சும்மா கண்டி பாக்க வாறேன்னு வச்சுக்க.” சிரித்தான். அவன் எப்போதுமே அப்படித்தான், எனக்கு எரிச்சலாக வந்தது.

எட்டே கால். வத்தேகம தாண்டி, மகாவலிப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆண்கள் எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நின்றோம். கொப்பி மரியதாஸின் கையிலேயே இருந்தது. சிப்பாய் அதைத் திறந்து சரளமாக வாசிக்கத் தொடங்கினான். பிறகு நிறுத்தினான். மறுபடி எழுத்துக் கூட்டினான்: பொ… றுத்… துக்… கொள். எழுத்து அவனுடையது, பாஷை அவனுடையது இல்லை. முகம் மாறிவிட்டது. அதிகாரியைக் கூப்பிட்டான்.

அதிகாரி நான்கு பக்கம் பார்த்தார். தமிழில் எழுதியிருந்தால் தமிழ் என்று போயிருக்கும். இப்போது அது ரகசிய பாஷை!

“மேக்க காகெத?” யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் என் செருப்பைப் பார்த்தேன். மரியதாஸ் என்னை ஒரு தடவை பார்த்தான்.

“மகே, சேர்,” என்றான். என்னுடையது.

அதிகாரி ஒரு வரியில் விரல் வைத்தார். ‘கிவ் அப்’ என்றால் என்ன? மேலே கொடுப்பது என்று அவன் சிங்களத்தில் சொன்னான். சற்று முன்புதான் சொல்லிக்கொடுத்திருந்தேன், பயத்தில் மறந்துவிட்டான். எழுதியவனுக்கே அர்த்தம் தெரியாதா என்று ஓர் அறை விழுந்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் அவனை உட்கார வைத்தார்கள். மற்றவர்களை ஏறச் சொன்னார்கள்.

“நீ போடா, லேட்டாவுது,” என்றான் மெதுவாக.

நான் ஏறினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஏறினேன்.

பின் இருக்கையில் கந்தோருக்கு, ஆபீஸ் வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். குனிந்து கேட்டார்: “தம்பி, அந்தப் பிள்ளையோட வந்தனீர்தானே?”

“இல்லீங்க.”

“ஓம், சரி,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணி, பரீட்சை. இருபது வினைகளுக்கு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். இருபதும் தெரிந்தது. அவனைக் காப்பாற்றக்கூடிய அத்தனை அர்த்தமும் என் தலையில் இருந்தது, நான் ஏரிக்கரையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன். நேரம் முடியும் முன்பே தாளைக் கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

பன்னிரண்டு இருபது. பாலத்தருகே இறங்கினேன். மரியதாஸ் அதே இடத்தில் இருந்தான், இடது கன்னம் வீங்கியிருந்தது. நேரே அதிகாரியிடம் போனேன்.

“கொப்பி என்னுடையது சேர். அவனுக்கு ஒன்றும் தெரியாது,” என்று சிங்களத்தில் சொன்னேன்.

“அப்படியானால் காலையில் எங்கே போயிருந்தாய்?”

அவர் கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றுக்கும் சிங்களத்தில் அர்த்தம் சொன்னேன். நாற்பதுக்கு மேல் இருக்கும். பிறகு ஒரு தாளைத் தந்து எழுதச் சொல்லி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் என் சட்டை முதுகில் ஒட்டியபடியே இருந்தது.

“இரண்டு பேரும் போங்கள். இனிமேல் தமிழைத் தமிழிலேயே எழுது,” என்றார். கொப்பியைத் திருப்பித் தரவில்லை.

திரும்பும் பஸ் பன்விலையைத் தாண்டியது.

“எழுதிட்டியா?” என்றான் திடீரென்று.

“எழுதிட்டேன்.”

“எல்லாம் தெரிஞ்சிச்சா?”

“ம்.”

“அப்பாடா,” என்று சாய்ந்துகொண்டான். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், படுபாவி.

மூன்றரை. லயத்து வாசலில் அவன் அம்மா நின்றிருந்தார். கன்னத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

“பஸ்ஸு பிரேக் போட்டிச்சும்மா, கம்பியில இடிச்சுக்கிட்டேன். அத விடு. இவன் நல்லா எழுதியிருக்கான்.”

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீ கூடப் போனதாலதான்பா எம்புள்ள பத்திரமா வந்திருக்கான். நல்லா இரு ராசா.”

கைகளை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவர் பிடியில் விட்டு வைக்கவும் முடியவில்லை.