சனிக்கிழமைப் பாட்டுக்காரன்

2011-இல், மெல்பர்னில் மல்கிரேவ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகி, விசா கிடைத்து, பாளையங்கோட்டையிலிருந்து நான் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவர் நல்லவர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிறு தவறாமல் சர்ச். பேச்சும் கிடையாது, அதுதான் சிக்கல். காலையில் ஒரு "ம்", மாலையில் ஒரு "சரி". சாம்பாரில் உப்பே போடாமல் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். அதற்கும் "ம்" தான்.

ஆனால் சனிக்கிழமை மதியம் வந்தால் ஆளே மாறிவிடுவார். பல முகங்கள் உள்ள பகடைகளை ஒரு சின்னப் பையில் போட்டுக்கொண்டு, கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கிளம்புவார். அங்கே ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, மந்திரவாதிகளும் பூதங்களும் திரியும் ஒரு கற்பனை நாட்டில் நடமாடுவதாகக் கதை சொல்லி விளையாடுவார்கள். கதையை நடத்துவது அந்தப் பெண். திரும்பி வரும்போது இவர் முகம் அப்போதுதான் குளித்து வந்த மாதிரி இருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால், "சும்மா கேம்தான்" என்பார்.

ஒருநாள் குளியலறையில் இவர் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. கதவில் காதை வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தேன். ஆங்கிலத்தில், ராகம் போட்டு, ஒரு பெண்ணைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே வந்தவரைப் பிடித்துக் கேட்டபோது, தன் வேஷம் ஊர் ஊராகப் போகும் பாட்டுக்காரன் என்றும், சண்டை போடாமல் வாய்ப்பேச்சாலேயே எல்லாரையும் மயக்கிவிடுவான் என்றும், அதற்கு ஒத்திகை பார்த்ததாகவும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு "ம்", அங்கே இருப்பவர்களுக்குப் பாட்டா?

எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வீட்டில் நடக்கும். பேரப்பிள்ளையின் டிராகன் பொம்மையையே குப்பைத் தொட்டிக்கு அனுப்பியவர் அவர். மந்திரக்கோல், சூனியக்காரித் தொப்பி, பூதம் வரும் புத்தகம் எதற்கும் அந்த வீட்டுக்குள் இடமில்லை. அவரிடம் போய் இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். பயந்து போய்ச் சொன்னேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் எனக்குப் பூதத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்தச் சனிக்கிழமை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"அது சும்மா விளையாட்டில்லைப் பிள்ளை," என்றார் அன்ரி. "வேசம் போட்டுப் போட்டுக் கடைசியில தாங்கள் ஆரெண்டே மறந்து போவினம். நீர் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும். பிறகு நான் அவரோட கதைக்கிறன்."

அன்ரி பேசினால் என் கணவர் தட்டமாட்டார். விளையாட்டை விட்டுவிடுவார். அதனால் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஜெபித்த எண்ணெயை அன்ரி ஒரு சின்னப் புட்டியில் கொடுத்து, நெற்றியிலும் உள்ளங்கையிலும் தடவிக்கொண்டு போகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றதும் என் கணவர் திகைத்தார், ஆனால் மறுக்கவில்லை. காரிலேயே எண்ணெயைத் தடவிக்கொண்டேன். ஏதோ கிரீம் என்று நினைத்திருப்பார்.

அந்த வீட்டுப் பெண் ஐம்பது வயதுக்காரியாக இருப்பாள் என்று சொல்லி என்னை நானே தேற்றி வைத்திருந்தேன். இல்லை. அழகாக இருந்தாள். அதைவிட மோசம், அன்பாகவும் இருந்தாள். டீ கொடுத்து, எனக்கென்று ஒரு நாற்காலியில் மெத்தை போட்டாள். மெழுகுவர்த்தி, மண்டை ஓடு, ரத்தம் என்று நான் தேடிய எதுவும் அங்கே இல்லை. ஒரு தட்டு நிறைய பிஸ்கட்தான் இருந்தது.

விளையாட்டு ஆரம்பித்தது. என் கணவர் வாயைத் திறந்தார். கடவுளே, என்ன பேச்சு! காவல்காரனைக் கிண்டல் செய்தார், ஒரு ராணியிடம் குழைந்தார், மேஜையே சிரித்தது. அவர் பேசி முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அந்த அழகியைப் பார்த்து வந்த எரிச்சல் போய், மொத்த மேஜை மீதும் எனக்கு வயிறு எரிந்தது. தாடி வைத்த ஒரு பையன் மீதுகூட எரிந்தது. என் புருஷனின் நகைச்சுவை அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கதையில் அவர்கள் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். வெள்ளம். படகோட்டி ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்ன அந்தப் பெண் சட்டென்று என் பக்கம் திரும்பி, அந்தப் படகோட்டியாக நீ பேசுகிறாயா என்று கேட்டாள். வேவு பார்க்க வந்தவள் மறுத்திருக்க வேண்டும். ஆனால் ஊரில் கிறிஸ்மஸ் நாடகம் என்றால் மீசை வைத்த கொடுங்கோல் ராஜா வேஷம் எனக்குத்தான். விடுவேனா?

அந்தப் பாட்டுக்காரன் ராகம் போட்டுக்கொண்டு என் படகுக்கு வந்தான். என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: மற்றவர்கள் ஏறலாம், இந்த ஆள் ஏற முடியாது. ஊரெல்லாம் பேசுகிறான், சொந்த வீட்டில் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் வீட்டில் சொல்லாத ஒன்றை இப்போது சொன்னால்தான் படகு நகரும்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏதோ பாட ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, அங்கே வேறு யாருக்கும் புரியாத தமிழில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உன்கிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியல. நீ எல்லாத்தையும் விட்டுட்டு என்னை நம்பி வந்திருக்க. பேசினா, நான் ஒண்ணுமில்லாத ஆளுன்னு தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. படகோட்டி ஒத்துக்கொண்டாளா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். ஏறச் சொல்லுங்கள் என்றேன். வெள்ளத்தைக் கடக்க நான் பகடை உருட்ட வேண்டுமாம். எண்ணெய்க் கையில் அது நிற்குமா? வழுக்கி நாற்காலிக்கு அடியில் ஓடியது. குனிந்து பார்த்தால் இருபது, அந்தப் பகடையில் அதற்குமேல் எண்ணே கிடையாது. ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் துப்பட்டாவால் பகடையைத் துடைத்துக் கொடுத்தேன். தாடி வைத்த பையன் ஏதோ ஜோக் அடிக்க, நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

கிளம்பும்போது எல்லாரும் என்னைத்தான் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். காரில் அவர் உம்மென்று வந்தார். பாதி வழியில், "அந்தத் தாடிக்காரன் ஜோக்குக்கு அப்படிச் சிரிச்சியே, என் ஜோக்குக்கு ஒருநாளும் சிரிச்சதில்லையே" என்றார்.

"நீங்க எப்பங்க எனக்கு ஜோக் சொன்னீங்க?" என்றேன்.

அவருக்கும் வயிறு எரிந்தது என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, தாலி கட்டிய அன்றுகூட அவ்வளவு வரவில்லை. வீடு வந்த பிறகும் காரை விட்டு இறங்காமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை அன்ரியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அங்கே பேய் எதுவும் இல்லை, வேஷம் போட்ட பிறகுதான் என் வீட்டுக்காரர் யாரென்றே எனக்குத் தெரிந்தது என்றேன். நானும் இனிமேல் போகப் போகிறேன் என்றும் சொன்னேன். அன்ரி கொஞ்சமும் மசியவில்லை. "அப்ப இனி ரெண்டு பேருக்காகவும் ஜெபிக்க வேணும்," என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

இன்றைக்கும் இவர் வேறு யாரிடமாவது கலகலவென்று பேசினால் எனக்கு எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அதற்குச் சாத்தான் மேல் பழி போடாமல், பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுகிறேன்.