செத்தவர் வண்டியின் ஷாக் அப்சார்பர்

பேய் எங்கே குடியிருக்கும் என்று அந்த வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்: காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஷாக் அப்சார்பருக்குள், எண்ணெயில் ஊறிக்கொண்டு. ஏதோ பாதி நம்பிக்கை, பாதி விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். முழுசாக நம்பினேன். அந்தப் பேய்க்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், மீசை வைத்திருக்கும் என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

அது முழுப்பரீட்சை விடுமுறை. அம்மாவுக்கு வாய்வுப் பிடிப்பு என்று சொன்னார்கள். சோழவந்தானிலிருந்து மதுரைக்கு டாக்டரிடம் அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர்; பேப்பர் திருத்தப் போய்விடுவார். அதனால் மதுரையில் காளவாசலில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தன் பழைய வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு வருவார். அம்மா பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். முன்சீட்டில் நான், பெரிய மனிதன் போல. வாய்வுப் பிடிப்புக்கு ஏன் இத்தனை தடவை மதுரை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது, அது போதும்.

சின்னப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள் என்று அம்மாவை இறக்கிவிட்டு, மாமா என்னை நேராக ஒரு டயர் கடைக்குக் கூட்டிப்போவார். அவருக்கு அப்போது ஒரே வெறி, வண்டி வளைவில் சாயக்கூடாது. அந்தக் கார் திரும்பினால் ஆற்றில் விட்ட பரிசல் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். பின்சீட்டில் இருக்கிறவர் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குப் போய்ச் சேர்வார். மாமா பந்தயத்துக்குத் தயாராகிறார் என்று நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"ரோட்டப் புடிக்கணும்னா அகல டயரு போடுங்கண்ணே" என்றார் கடைக்காரர். "பின்னாடி ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேத்துக்கலாம். வளைவுல சாயவே சாயாது. ஆனா ரோட்டுல பள்ளம் எம்புட்டு ஆழம்னு உங்க இடுப்பு சொல்லிரும்."

"சாயவும் கூடாதுப்பா, குலுங்கவும் கூடாது."

"ரெண்டும் வேணும்னா பல்லக்குலதான் போகணும்ணே."

மாமா சிரிக்கவில்லை. டயர்களை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தார். மாம்பழம் வாங்க வந்தவர் மாதிரி இருந்தது. கடைசியில் அகல டயரும் கூடுதல் பட்டையும் என்று முடிவானது. கடைக்காரர் உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிய இரண்டு உருளைகளை எடுத்து வந்தார். பின்பக்கத்து ஷாக் அப்சார்பர்கள்.

"இது வெளிநாட்டுச் சரக்கு. அடிபட்ட வண்டியில கழட்டுனது. வண்டிக்காரரு அங்கனயே போய்ச் சேந்துட்டாரு. ஷாக்குல பாருங்க, ஒரு கீறல் இல்ல!"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பில்தான் மீசைக்காரர் எனக்குள் நுழைந்தார்.

முதல் நாள் திரும்பும்போதே ஆரம்பித்தது. பரவை தாண்டி, வாய்க்காலை ஒட்டி ரோடு வளைகிற இடம். கடைக்காரர் சொன்னதுபோல் வண்டி சாயவில்லை, ரோட்டில் ஒட்டிக்கொண்டு போனது. அடுத்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்போது எனக்குப் பின்னாலிருந்து, கீழேயிருந்து, ஒரு சத்தம். இரும்பின் கிரீச் இல்லை. ஆள் முனகுகிற சத்தம். நெஞ்சுக்குள் ஆரம்பித்துப் பல்லுக்குப் பின்னால் நின்றுபோகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரித்தாள்.

"உனக்குக் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சே. வண்டிதாண்டா."

"ரப்பர் புஷ் புதுசுல்ல மாப்ள, கத்தத்தான் செய்யும்" என்றார் மாமா, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பெரியவர்கள் இரண்டு பேரும் இப்படிச் சர்வசாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. செத்தவர் வண்டியில் ஏறிவிட்டார், இவர்களுக்குப் புரியவில்லை. கார் அவரை ஒருதரம் கொன்றிருக்கிறது. அடுத்து அவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போவார். ஷாக் அப்சார்பருக்கு நேர் மேலே படுத்திருந்தது என் அம்மா.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் மாதா கோயில் தொட்டியிலிருந்து புனித நீரை மருந்துப் பாட்டிலில் பிடித்து வந்து பின்சக்கரங்களில் தெளித்தேன். அது பலிக்காமல் போனால் என்ன செய்வது என்று எதிர்வீட்டு நண்பனிடம் யோசனை கேட்டதில், அவன் முனியாண்டி கோயிலில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தான். அதையும் டயருக்கு அடியில் வைத்தேன். மதநல்லிணக்கத்தில் எங்கள் தெருவில் எனக்கு இணையில்லை. மாமா குனிந்து பார்த்து, "என்ன மாப்ள, சர்பத் போடப் போறியா?" என்றார். செத்தவர் இதற்கெல்லாம் மசியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் முனகினார்.

பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் அதே வளைவில் அகல டயர் முன் மட்கார்டில் உரசியது. மாமா வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிச் சக்கரத்தருகே குத்தவைத்தார். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அறுத்த வயல், அதில் அசையாத ஒரு கொக்கு. வாய்க்கால் தண்ணீருக்குக்கூடச் சத்தம் இல்லை.

அப்போது முனகல் கேட்டது.

வண்டி ஓடவில்லை. சக்கரம் சுற்றவில்லை. ரப்பர் புஷ்ஷுக்குக் கத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை. திரும்பினேன். அம்மா கண்ணை மூடி, முகத்தைச் சீட்டுக்குள் திருப்பிப் படுத்திருந்தாள், தூங்குகிறவள் மாதிரி. மறுபடியும் அது வந்தது, முன்னைவிட நீளமாக, கடைசியில் ஏதோ ஒரு பெயரைச் சொல்ல வந்து விட்டுவிட்டது போல.

அம்மாவைக் காப்பாற்ற வந்த வீரன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். ஒரு செருப்பு ரோட்டில், இன்னொன்று வாய்க்காலில். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்து, தெரிந்த ஜெபத்தை எல்லாம் உரக்கச் சொன்னேன். வாயில் வந்தது சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபம். பேயிடம் மாட்டிக்கொண்டவன், கிடைத்த உணவுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா வந்து என்னை வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவிலிருந்து இழுத்தார்.

"ஏண்டா ஓடுன?"

"வண்டி நிக்கும்போதே கத்துது மாமா. அந்தச் செத்தவருதான். அம்மாவக் கொண்டுபோயிருவாரு. அதக் கழட்டிருங்க மாமா."

கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூரத்தில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டு சத்தமாவா கேட்டுச்சு?"

தலையாட்டினேன்.

"கழட்டிருவோம் மாப்ள."

என்னை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அவர் போனார். பின்கதவைத் திறந்து அம்மாவிடம் ஏதோ பேசினார். அப்புறம் அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"பயந்துட்டியாடா? இனிமே கத்தாது. வா."

அடுத்த முறை கடையில் அகல டயரைக் கழற்றிவிட்டு, பக்கச்சுவர் உயரமான பழைய அளவு டயரைப் போட்டார்கள். சேர்த்த பட்டையை எடுத்தார்கள். காற்றையும் கொஞ்சம் குறைத்தார்கள். "வளைவுல சாயுமேண்ணே" என்றார் கடைக்காரர். "நான் மாட்டுவண்டி மாதிரி ஓட்டிக்கிறேன்" என்றார் மாமா. கடைக்காரர் அன்றைக்கு ஒரு பகடியும் பேசவில்லை. பின்பக்கம் குனிந்து பார்த்தேன்: ஷாக் அப்சார்பர்கள் கறுப்பாகப் புத்தம் புதிதாகப் பளபளத்தன.

அம்மா சொன்னபடியே அதற்குப் பிறகு வண்டி கத்தவே இல்லை. ஜெயித்தது புனித நீரா எலுமிச்சம்பழமா என்று எனக்கும் எதிர்வீட்டு நண்பனுக்கும் அந்த விடுமுறை முழுக்கச் சண்டை.

சமீபத்தில் என் காருக்கு டயர் பார்க்கப் போனபோது, வளைவுகளில் நன்றாக ஒட்டுகிற டயராக வேண்டும் என்று கடையில் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட வந்த மாமா, இப்போது எழுபதைத் தாண்டியவர், எல்லாவற்றையும் சொன்னார். ஷாக் அப்சார்பர்களைக் கழற்றவே இல்லை, பெயிண்ட்தான் அடித்தார்களாம். அம்மாவுக்கு இருந்தது வாய்வுப் பிடிப்பு இல்லை, முதுகெலும்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுச் சிகிச்சையை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். வண்டி சாய்ந்தால் வலித்தது. சாயாமல் இருக்கப் பட்டை சேர்த்தால், குலுங்கி அதைவிட வலித்தது. கட்டி கரைந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் சோழவந்தானில் நன்றாக இருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முனகியது அம்மாதான். நான் கொடிக்காலுக்குள் ஓடிய நாளுக்கு அப்புறம், ஏறும்போதே முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு படுத்தாள். நான் திரும்பும்போது மட்டும் அதை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.